அளக்க வந்தவர்களை அளந்து பார்த்தோம்: ஒரு மதிப்பீட்டுச் சேவை பற்றிய மதிப்புரை

விசுவமடுவுக்கு அண்மையில் இயங்கும் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், அரச நிதியில் நடந்த வாழ்வாதாரத் திட்டம் ஒன்றின் பலனை அளப்பதற்கு அமர்த்தப்பட்ட மதிப்பீட்டுச் சேவை பற்றி இதை எழுதுகிறேன். சேவையை வழங்கிய நிறுவனத்தின் பெயரையும் அதை அமர்த்திய அலுவலகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். வீடு வீடாக வந்துபோன இளைஞர்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இச்சேவைக்கு நாங்கள் நேரடியாகக் காசு கொடுக்கவில்லை. ஆனால் ஆட்டுக்கும் கோழிக்கும் ஒதுக்கிய அதே பணத்திலிருந்துதான் அளக்க வந்தவர்களுக்கும் கூலி போனது. அந்தப் பணத்தில் சீனியும் சவர்க்காரமும் வாங்கும்போது நாங்கள் கட்டும் வரியும் இருக்கிறது. ஆகவே வாடிக்கையாளருக்குரிய உரிமை ஓரளவுக்கு எங்களுக்கும் உண்டு.

திட்டத்தைப் பற்றிச் சில வரிகள் போதும். எங்கள் 46 உறுப்பினர்களில் 14 பேருக்கு ஆடுகளும், 17 பேருக்குக் கோழிக்குஞ்சுகளும் கூட்டுக்கான கம்பிவலையும், 9 பேருக்குக் கச்சான் விதையும் மருந்து தெளிகருவியும், 6 பேருக்குச் சிறுகடை தொடங்கப் பொருட்களும் வழங்கப்பட்டன. மதிப்பீட்டுக் குழு 2021 ஒக்டோபரில் அடிநிலைத் தரவு (திட்டத்துக்கு முந்திய நிலை) திரட்டவும், 2024 மார்ச்சில் இறுதி அளவீடு எடுக்கவும் என இரண்டு தடவைகள் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றேகால் மணித்தியாலம் வரை இருந்து, பதில்களை டப்லெட்டில் பதிந்துகொண்டார்கள்.

வந்தவர்கள் நடந்துகொண்ட முறைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். விருப்பமில்லையென்றால் பதில் சொல்லத் தேவையில்லை என்று முதலிலேயே சொன்னார்கள். கணவர் முற்றத்தில் நின்று பதில் எடுத்துக்கொடுக்க முனைந்த வீடுகளில் மரியாதையாக அவரை விலக்கிவிட்டுப் பெண்ணிடமே கேட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த வினாக்கொத்து வேறெங்கோ வேறு மொழியில் பிறந்து தமிழுக்குள் அவசரமாகத் தள்ளப்பட்டது என்பது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ‘வீட்டு அலகின் உணவல்லா நுகர்வுச் செலவினம்’ என்ற சொற்றொடரைக் கேட்டு எங்கள் பொருளாளரே விழித்தார், அவர் க.பொ.த. உயர்தரத்தில் பொருளியல் படித்தவர். அதனால் கேள்வி கேட்ட பிள்ளைகள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த விதத்தில் அதை விளங்கப்படுத்தினார்கள். ஒருவர் துணிமணி, மருந்து என்றார். இன்னொருவர் கோயில் திருவிழாச் செலவையும் சேர்க்கச் சொன்னார். மூன்றாமவர் கடன் தவணையையும் சேர்த்துவிட்டார். மாற்றத்தை அளக்க எடுத்துக்கொள்ளும் அடையாளத்தைக் குறிகாட்டி என்கிறார்கள். ஒரே குறிகாட்டிக்கு ஒரே ஊரில் மூன்று வரைவிலக்கணங்கள் இருந்தால், பின்னர் அந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் என்ன பொருள் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. வருவதற்கு முன் ஒரு நாள் எங்களில் ஐந்து பேரை இருத்திக் கேட்டுப் பார்த்திருந்தால் இது தீர்ந்திருக்கும்.

இவற்றை விடப் பெரிய பிரச்சினை, திட்டத்தின் தலைமைக் குறிகாட்டியாக அவர்கள் வைத்திருந்த ‘மாத வருமானம்’ என்பதில் இருக்கிறது. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்ட பெண்ணிடம் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “பிள்ளை, மாசம் எண்டு ஒரு கணக்கு எங்களுக்கு இல்லை, போகம் எண்டுதான் கணக்கு.” டப்லெட்டில் அந்தப் பதிலுக்கு இடமில்லை, எண் மட்டுமே போகும். வன்னியில் ஒக்டோபர் என்பது காலபோகம் எனப்படும் மழைக்காலப் பெரும்போகத்தின் விதைப்புக் காலம். உழவு கூலிக்கும் விதை நெல்லுக்கும் காசு தேடி நகையை அடகு வைக்கும் மாதம். மார்ச் என்பது அரிவி வெட்டு முடிந்து, சூடு அடித்து, மூடைகள் விற்கப்பட்டு, கையில் கொஞ்சமேனும் பணம் புழங்கும் மாதம். ஒக்டோபரில் அடிநிலையும் மார்ச்சில் இறுதி அளவீடும் எடுத்தால், இடையில் திட்டமே நடக்காவிட்டாலும் வருமானம் கூடியதாகத்தான் காட்டும். இது ஏமாற்று வேலையென்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான திகதியும் அறிக்கை ஒப்படைக்க வேண்டிய திகதியும் அப்படி விழுந்திருக்கின்றன. ஆனால் வன்னியின் இரண்டு போகங்களையும் அறிந்த எவரும் அந்த ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கவில்லை என்பது உறுதி.

2021 ஒக்டோபரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டதில் இன்னொரு கேடும் உண்டு. அந்த ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நீக்கப்படும்போது நவம்பர் பிறந்துவிட்டது. யூரியா கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாமல் விதைத்துக்கொண்டிருந்த மனிதர்களிடம், வீட்டில் இருந்த காசையெல்லாம் வயலில் கொட்டிவிட்டு வந்த கிழமையில், “சென்ற மாதம் உங்கள் வருமானம் எவ்வளவு?” என்று கேட்டார்கள். அப்படியொரு அசாதாரணமான பள்ளத்தை அடிமட்டமாகக் கொண்டால், வழமைக்குத் திரும்புவதே முன்னேற்றமாகக் கணக்கில் ஏறிவிடும். அடிநிலைத் தரவை ஒரு மாதத்துக்குப் பதிலாக முந்திய இரண்டு ஆண்டுகளின் நான்கு போகங்களுக்கும் கேட்டிருக்கலாம். நாங்கள் மறந்துவிடுவோம் என்று அவர்கள் பயந்திருக்கக்கூடும். எந்தப் போகத்தில் எத்தனை மூடை கண்டோம் என்பதை இந்த ஊரில் ஒருவரும் மறப்பதில்லை.

ரூபாவை அளவுகோலாக எடுத்தது அடுத்த சிக்கல். கோழி வளர்த்த உறுப்பினர் ஒருவரின் பதிவு 2021 இல் 18,000 ரூபா, 2024 இல் 28,000 ரூபா. பத்தாயிரம் ரூபா கூடியிருக்கிறது, ஐம்பத்தைந்து வீதத்துக்கும் மேற்பட்ட வளர்ச்சி. திட்டத்தின் வெற்றிக் கதைகளில் ஒன்றாக அவருடைய படமும் எடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் என்ன நடந்தது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் மட்டும் 69.8 வீதம், அதற்கு முந்திய மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. மண்ணெண்ணெயில் நீரிறைக்கும் இயந்திரத்தை ஓட்டித் தோட்டம் செய்கிறவருக்கு அந்தப் பத்தாயிரம் எங்கே போயிருக்குமென்று கணக்குப் போட ஆலோசகர் வேண்டியதில்லை. அந்த உறுப்பினர் 2021 இல் இருந்ததைவிட 2024 இல் குறைவாகத்தான் பொருள் வாங்குகிறார். அவர் பொய் சொல்லவில்லை. எழுதியவரும் பொய் எழுதவில்லை. குறிகாட்டிதான் பொய் சொன்னது. பணத்தொகையை விலைவாசிக்கேற்பத் திருத்திக் காட்டும் கணக்கு மதிப்பீட்டுத் தொழிலின் அரிச்சுவடி. அதை அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகவாவது சேர்த்திருக்கலாம்.

பொருள் கொடுத்ததை எண்ணுவதற்கும் அதனால் என்ன விளைந்தது என்று பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை இக்குழு அறியாமலில்லை. குழுத் தலைவர் முதல் கூட்டத்திலேயே உள்ளீடு, வெளியீடு, பெறுபேறு, தாக்கம் என்ற சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1969 இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகவரகத்துக்காக உருவாக்கப்பட்ட தருக்கச் சட்டகம் என்ற திட்டமிடல் அட்டவணையின் வழி வந்தது அது என்றும், பொருத்தம், ஒத்திசைவு, பயனுறுதி, வினைத்திறன், தாக்கம், நிலைத்திருத்தல் என ஆறு அளவுகோல்களால் எங்கள் திட்டம் பார்க்கப்படும் என்றும் சொன்னார். நன்றாகவே விளங்கப்படுத்தினார். எங்கள் மொழியில் சொன்னால், ஒதுக்கிய பணம் உள்ளீடு. கையில் தந்த கச்சான் விதை வெளியீடு. வெட்டிக் காயவைத்து நல்ல விலைக்கு விற்றது பெறுபேறு. அடகில் இருந்த தாலிக்கொடி வீட்டுக்கு வந்தது தாக்கம். ஆனால் படிவத்தின் பெரும்பகுதி முதலிரண்டு படிகளிலேயே நின்றுவிட்டது.

ஆடுகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். அரச நிதியாண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறது. ஒதுக்கீடு பிந்தி வருகிறது. செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். அதனால் எங்களுக்கு ஆடுகள் டிசெம்பர் நடுப்பகுதியில், வடகீழ்ப் பருவமழை ஊற்றிக்கொண்டிருந்தபோது, கொட்டில் கட்டி முடியாத வீடுகளுக்கு லொறியில் வந்து இறங்கின. வெளி மாவட்டத்திலிருந்து மழையில் நனைந்து வந்த ஆடுகள் சளி பிடித்து ஒவ்வொன்றாக விழுந்தன. முன்னேற்ற மீளாய்வுக் கூட்டத்தில் பௌதிக முன்னேற்றம் நூறு வீதம், நிதி முன்னேற்றம் நூறு வீதம். இரண்டும் உண்மை. இறந்த ஆடுகளுக்கான கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. இறுதி அளவீட்டில் “இப்போது உங்களிடம் எத்தனை ஆடுகள் உள்ளன?” என்று மட்டும் கேட்டார்கள். முதல் மழையிலேயே ஆடுகளை இழந்தவரும் பூச்சியம்; ஆடுகளைப் பெருக்கி, விற்று, அந்தப் பணத்தில் தையல் இயந்திரம் வாங்கி, இன்று பாடசாலைச் சீருடைக்கு ஓடர் எடுக்கிறவரும் பூச்சியம். திட்டத்தின் மிகப் பெரிய வெற்றியும் மிகப் பெரிய தோல்வியும் ஒரே எண்ணாகப் பதிவான விந்தையை நான் என் கண்ணால் பார்த்தேன். “அந்த ஆடுகளுக்கு என்ன நடந்தது?” என்ற ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருந்தால் போதும்.

‘உருவாக்கப்பட்ட சுயதொழில் வாய்ப்புகள்: 46’ என்ற வரியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பத்துக் கோழிக்குஞ்சு கொடுத்த வீட்டில் ஒரு தொழில் பிறந்துவிட்டதாக எழுதும் வழக்கம் இந்தச் சேவைக்கு மட்டும் உரியதல்ல.

பதில்களின் நம்பகத்தன்மைக்கு வருவோம். இதில் எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கு 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரப்படுத்தினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்பக் கட்டமைப்பு என்று வீட்டைத் துருவித் துருவிக் கேட்டு, அதன்படி யாருக்கு 15,000, யாருக்கு 2,500, யாருக்கு ஒன்றுமில்லை என்று தீர்மானமானது. அந்த அனுபவத்துக்குப் பின் டப்லெட்டுடன் வாசலுக்கு வரும் எவரையும் எங்கள் ஊர் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. 2024 மார்ச்சில் மதிப்பீட்டுக் குழு வந்தபோது, கொடுப்பனவு வெட்டுப்படுமோ என்ற பயத்தில் சிலர் ஆட்டை அடுத்த வளவில் கட்டினார்கள். மோட்டார் சைக்கிள் தமையனுடையது என்றார்கள். அதே வேளையில், நல்ல பெறுபேறு காட்டினால்தான் திட்டத்தின் இரண்டாம் கட்டம் எங்களுக்குக் கிடைக்கும் என்று சங்கக் கூட்டத்தில் நானே சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னது பிழை. அதன் விளைவாகப் பயந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள், ஆசைப்பட்டவர்கள் கூட்டிச் சொன்னார்கள், இரண்டையும் கலந்து சராசரி எடுத்தார்கள்.

அளவீடு ஒன்று இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்ற கருத்துக்கு, 1975 இல் அதன் முதல் வடிவத்தைச் சொன்ன பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட்டின் பெயரை இட்டிருக்கிறார்கள். அவர் நாணயக் கொள்கையைப் பற்றித்தான் பேசினார். எங்கள் ஊர் ஆட்டுக்கொட்டிலுக்கும் அது பொருந்துகிறது. குறிகாட்டியோடு பணத்தைக் கட்டிவிடுவது எங்கும் கடினமான வேலைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2014–2020 காலத்தில் தன் பிராந்திய நிதியில் 6 வீதத்தை ஒதுக்கி வைத்து, இலக்கை அடைந்த திட்டங்களுக்கு மட்டும் விடுவிக்கப் பார்த்தது. அந்த ஏற்பாடு இன்னும் பயனுறுதியுடையதாகவில்லை என்று அதன் சொந்தக் கணக்காய்வு மன்றமே 2017 இல் எழுதியது. குழுவினர் செய்யக்கூடியது ஒன்றிருந்தது: இந்தப் பதில்கள் அஸ்வெசுமவுக்குப் போகா, இரண்டாம் கட்டத் தெரிவுக்கும் போகா என்று எழுத்தில் கொடுத்திருக்கலாம். வாய்மொழியாகச் சொன்னார்கள். அதை எவரும் நம்பவில்லை.

எந்த மாற்றம் எதனால் வந்தது என்ற கேள்வியில் அவர்கள் எடுத்த முயற்சியைப் பாராட்ட வேண்டும். திட்டம் கிடைக்காத பக்கத்து ஊரிலும் இருபது வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டார்கள்; பல மதிப்பீடுகளில் இதைச் செய்வதே இல்லை. ஆனால் அந்த ஊரில் பல குடும்பங்கள் இரணைமடுவின் கீழ் குத்தகைக்கு வயல் செய்கிறவை. புனரமைக்கப்பட்ட இரணைமடுக் குளம் 2018 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. குளத்தில் நீர் கூடுதலாக நின்ற ஆண்டுகளில் கோடைக்காலச் சிறுபோகத்துக்கும் கூடுதல் ஏக்கருக்குத் தண்ணீர் விடுகிறார்கள். குளம் தந்த நெல்லையும் ஆடு தந்த பாலையும் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிட்டால், பக்கத்து ஊர் திட்டமே இல்லாமல் எங்களைவிட முன்னேறியதாகத் தெரிகிறது. அறிக்கையிலும் அப்படித்தான் தெரிகிறது. அதற்கான விளக்கம் அங்கே இல்லை.

குறிகாட்டி என்றாலே குழப்பம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 2012 இற்குப் பின் வடக்கில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, வீட்டு வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. அத்திவாரம் போட்டாயிற்றா, சுவர் எழுந்ததா, கூரை ஏறியதா என்பதைப் பயனாளியும் பார்க்கலாம், அதிகாரியும் பார்க்கலாம், தெருவால் போகிறவரும் பார்க்கலாம். பொய் சொல்ல இடம் குறைவு. வருமானத்துக்கு அப்படிக் கண்ணால் காணும் கூரை இல்லை என்பது மெய்தான். ஆனால் எங்கள் கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசியபோதே சில அடையாளங்கள் வெளிவந்தன. ஒக்டோபரில் நகை அடகுக்குப் போனதா, போனால் எந்த மாதம் மீண்டது. அடுத்த போகத்துக்கு விதைக் கச்சானை வீட்டில் மிச்சம் பிடித்து வைத்தீர்களா, கடனுக்கு வாங்கினீர்களா. குட்டி போட்ட ஆட்டின் குட்டி குட்டி போட்டதா. கிழமைக் கடன் தவணை கட்டும் நாளில் வீட்டில் இருக்கிறீர்களா, ஒளிக்கிறீர்களா. கடைசிக் கேள்வியைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். இவற்றில் எதையும் விலைவாசி மாற்றிவிடாது. அடகுக் கடைத் துண்டில் திகதி இருப்பதால் சரிபார்க்கவும் முடியும்.

அறிக்கையைப் பெற்ற கதையையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இரண்டு தடவைகள் ஒன்றேகால் மணித்தியாலம் வீதம் வாங்கிய பதில்களின் முடிவை எவரும் திருப்பிக் கொண்டுவந்து காட்டவில்லை. நாங்கள் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்க வேண்டும் என்ற விதியை அலுவலகம் மதித்தது, பிரதியும் கிடைத்தது. நல்ல தாள், அழகான வர்ண வரைபடங்கள். மொழி ஆங்கிலம். சுருக்கம் சிங்களத்தில் இருந்தது. தமிழில் முன்னட்டை மட்டும். பொருளாளரின் மகள் இரண்டு இரவுகள் இருந்து எங்களுக்காக அதை மொழிபெயர்த்தாள். எங்கள் ஊருக்கென்று ஒரு அட்டவணையும், எங்கள் உறுப்பினரின் படமும், அதன் கீழே வேறொருவரின் ஊர்ப் பெயரும் இருந்தன.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இச்சேவைக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். நடத்தைக்கும் ஒப்பீட்டு ஊரைத் தேடிய முயற்சிக்கும் அதில் பெரும்பங்கு. குறிகாட்டித் தெரிவுக்கு அரைப் புள்ளிக்கு மேல் மனம் வரவில்லை. கட்டடம், வீதி, குளக்கட்டு போன்ற எண்ணக்கூடிய வேலைகளை அளக்க இவர்களை அமர்த்துவதில் தவறில்லை. அவற்றுக்குத் தேவையான ஒழுங்கும் நேர்மையும் இவர்களிடம் இருக்கின்றன. போகத்தை நம்பி வாழும் குடும்பங்களின் நிலையை அளக்க அமர்த்துவதென்றால், வேலையை ஒப்படைக்கும் அலுவலகம் ஒப்பந்தத்திலேயே இரண்டு அளவீடுகளும் ஆண்டின் அதே மாதத்தில் நடக்க வேண்டும் என்று எழுதிவிடுவது நல்லது.

திட்டம் முடிந்து எஞ்சியதைப் பார்க்க மூன்றாம் தடவையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இம்முறை ஒக்டோபரில். அடகு நகைக் கேள்வியையும் ஆடுகளுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியையும் சேர்க்கும்படி சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் பிரதியில் கிடைத்த திகதியும் முத்திரையும் இருக்கின்றன.